குழலில் ஓர் எண், கட்டையில் ஓர் எண்

பிப்ரவரி 5, திங்கள்

அப்பா போய் இன்றோடு நாற்பத்திரண்டு நாள். காலையில் அஞ்சலகத்தில் தபால் பையைப் பிரித்துக்கொண்டிருந்தபோது ஸ்டேஷன் ஏட்டு மணிமாறன் நேரில் வந்தார். உரிமம் வைத்திருந்தவர் இறந்துவிட்டால் துப்பாக்கி வீட்டில் இருக்கக் கூடாதாம். ஒப்படைத்துவிடலாம், இல்லையென்றால் வாரிசு பெயருக்கு மாற்றக் கேட்டு எழுதலாம் என்றார்.

என் பெயருக்கே கேட்கிறேன் என்று சொல்லிவிட்டேன். மிளகுக் கொடிக்கு அடியில் பன்றி உழுதுபோட்டுப் போகிறது. அதைவிட, அது அப்பாவுடைய பொருள். கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லாமல் ஐம்பது வயது வரை அவரோடு இருந்தவள் நான். தம்பி தனபாலன் கோயம்புத்தூரில் இருக்கிறான், அவனுக்கு இது தேவையில்லை.

இரண்டு காகிதம் வேண்டுமாம். துப்பாக்கி நல்ல நிலையில் இருக்கிறதென்று உரிமம் பெற்ற வியாபாரியின் சான்று ஒன்று. இன்னொன்றை நானே எழுத வேண்டும். அப்பாவின் பழைய உரிமக் கோப்பு அலுவலகத்தில் கிடைக்கவில்லை என்பதால், துப்பாக்கி எப்போது வாங்கியது, யார் கையில் இருந்தது, வழக்கு எதிலாவது வந்ததா என்று ஒரு பக்கத்துக்கு அதன் வரலாறு.

பிப்ரவரி 7, புதன்

தபால் குறைவு. முதியோர் பணம் பதினோரு பேருக்குக் கொடுத்தேன். மதியம் உட்கார்ந்து வரலாற்றை எழுதினேன். எழுதியதை இங்கேயும் குறித்து வைக்கிறேன்.

பன்னிரண்டு போர் என்கிற ரக இரட்டைக்குழல் துப்பாக்கி. எண் 4417. என் தந்தை குருநாதன் 1971ஆம் ஆண்டு சென்னையில் வாங்கியது. அவர் அதற்கு முன் நான்கு வருடம் ராணுவத்தில் ஆயுதப் பட்டறையில் வேலை பார்த்தவர். அந்தக் காலத்தில் வெளிநாட்டுத் துப்பாக்கி வருவது நின்றுவிட்டது. பழையவை எஸ்டேட் துரைகளிடமும் பணக்காரர்களிடமும்தான் இருந்தன. அப்போது வடக்கே ஒரு தொழிற்சாலை சாதாரண விவசாயிக்கும் கட்டுப்படியாகிற விலையில் இரட்டைக்குழல் செய்ய ஆரம்பித்தது. பூவேலை கிடையாது. கட்டை, சாயம் பூசிய சாதா மரம். பேப்பரில் விளம்பரம் பார்த்துவிட்டு அப்பாவும் அவர் சிநேகிதர் அய்யாவு மாமாவும் அந்த வருடக் காப்பியை விற்று, ஒரே நாளில், ஒரே பெட்டியிலிருந்து ஆளுக்கொன்று எடுத்து வந்தார்கள். அடுத்தடுத்த எண்கள். 4418ஐக் கூட்டினால் எட்டு வருகிறது, எட்டு ஆகாது என்று அப்பா தள்ளிவிட்டாராம். மாமா சிரித்துக்கொண்டே அதை வாங்கிக்கொண்டாராம். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எது யாருடையது என்று எண்ணைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். இரண்டையும் துடைத்து எண்ணெய் போடுவது அப்பாதான்.

வழக்கு உண்டா என்பதற்கு இப்படி எழுதினேன்: 1989 நவம்பர் 17, வெள்ளிக்கிழமை, விடியலில் காட்டுப்பன்றிக்குக் காவல் இருந்தபோது மேற்படி அய்யாவு சுட்டதில் சவரிமுத்து என்ற தொழிலாளி இறந்தார். என் தந்தையும் உடனிருந்ததால் அவர் துப்பாக்கியும் சோதனைக்குப் போனது. குற்றமில்லை என்று திரும்பி வந்தது. எண் 4418ஐக் கோர்ட் பறிமுதல் செய்து அழித்துவிட்டது.

எனக்கு அதற்கு மேல் தெரியாது. அன்று நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன்.

பிப்ரவரி 9, வெள்ளி

மிளகு காயப்போட்டேன். மேகம். திரும்ப அள்ளினேன்.

பிப்ரவரி 12, திங்கள்

ஸ்டேஷனில் கடிதம் வாங்கிக்கொண்டு, துப்பாக்கியைக் கழற்றிப் பையில் போட்டு, காலை பஸ்ஸில் மலை இறங்கி மதுரைக்குப் போய் வந்தேன்.

ஆயுத வியாபாரி அமானுல்லா பாய்க்கு எழுபதுக்கு மேல் இருக்கும். பையைத் திறந்ததுமே முகம் மலர்ந்துவிட்டது. இந்த ஜாதித் துப்பாக்கியை அவர் கடையில் நூற்றுக்கணக்கில் விற்றிருக்கிறாராம்.

"இது ஏழைங்க துப்பாக்கிம்மா. சீமைத் துப்பாக்கியெல்லாம் நகை மாதிரி, பீரோவுக்குள்ளயே கெடக்கும். மழையிலயும் சேத்துலயும் கெடந்து ஒழைச்சது இதுதான்" என்றார்.

குழலைக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார். பிறகு விசைக்கு அடியில் இருக்கும் வளையத்தைக் கழற்றினார். அதற்குக் கீழே, கட்டையோடு சேர்ந்த இரும்பில், இன்னொரு எண் பொறித்திருக்கும் என்று எனக்கு இதுவரை தெரியாது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். துணியால் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தார்.

"உங்க உரிமத்துல என்ன நம்பரும்மா?"

சொன்னேன்.

"கொழல்ல பதினேழுதான் இருக்கு. கட்டையில பதினெட்டுல்ல இருக்கு."

எனக்கு விளங்கவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். இரட்டைக்குழல் என்பது இரண்டாகப் பிரியும். முன்னால் குழல், பின்னால் கட்டையும் இயந்திரமும். இரண்டிலும் ஒரே எண் இருக்க வேண்டும். இதில் ஒரு துப்பாக்கியின் குழலை இன்னொன்றின் கட்டையில் மாட்டியிருக்கிறது. அடுத்தடுத்த எண் என்பதால் கிட்டத்தட்டப் பொருந்தும். ஆனாலும் கையால் இழைத்துச் செய்தவை, அப்படியே உட்காராது. குழலின் கொக்கியில் அரம் போட்ட தடத்தைக் காட்டினார். போலீஸ்காரர்கள் குழலில் உள்ள எண்ணை மட்டும் பார்த்துவிட்டு விடுவார்களாம், வளையத்தை யார் கழற்றப்போகிறார்கள் என்றார்.

அதனால் என்ன என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"ஒண்ணும் இல்ல, சுடும். ஆனா ஒண்ணும்மா, தோட்டாவக் குத்துற ஊசி கொழல்ல இல்ல, இந்தப் பின்பக்கத்துல இருக்கு. எந்தத் துப்பாக்கி சுட்டுச்சுன்னு அந்தக் குத்துத் தழும்ப வச்சுத்தான் கண்டுபிடிப்பாங்க. கைரேகை மாதிரி."

அவருக்கு எங்கள் ஊர் வழக்கு பற்றி எதுவும் தெரியாது. சாதாரணமாகச் சொன்னார். டீ வரவழைத்துக் கொடுத்தார். சான்றில் இரண்டு எண்ணையும் எழுதித்தான் தர முடியும் என்றார்.

தொழிற்சாலையிலேயே மாறி வந்திருக்குமா என்று கேட்டேன். ஆயிரத்தில் ஒன்று அப்படி வரலாம் என்றார்.

வத்தலக்குண்டு பஸ் நிலையத்தில் இறங்கியபோது எந்தப் பஸ்ஸில் ஏற வேண்டும் என்பதே மறந்துபோய் நின்றேன்.

பிப்ரவரி 13, செவ்வாய்

தொழிற்சாலையில் மாறியிருக்கும். மலிவான சாமான்.

பிப்ரவரி 14, புதன்

தனபாலனிடம் போனில் சொன்னேன். துப்பாக்கியை ஒப்படைத்துவிடு, சான்றைக் கிழித்துப்போடு, வேலையைப் பார் என்றான். ஏன் அப்படிச் சொல்கிறாய் என்றேன். சும்மாதான் என்றான்.

பிப்ரவரி 16, வெள்ளி

அப்பாவின் தகரப்பெட்டியில் இருந்தது. 1971ஆம் வருடத்துச் சென்னைக் கடை ரசீது. கீழே விற்றவர் கைப்பட எழுதியிருக்கிறார்: குழல் 4417, கட்டை 4417, சரிபார்த்தது.

வாங்கும்போது சரியாகத்தான் இருந்திருக்கிறது.

இந்த ரசீது அலுவலகக் கோப்பில் இருக்க வேண்டியது. அப்பா அதை எப்போது திரும்ப வாங்கினார், எதற்கு வாங்கினார் என்று தெரியவில்லை. எறிந்தும் விடவில்லை.

பிப்ரவரி 17, சனி

அஞ்சலகத்தைத் திறந்து ஸ்டாம்பில் தேதியை மாற்ற மறந்துவிட்டேன். பதினெட்டுக் கடிதங்களில் நேற்றைய தேதி. இருபத்திரண்டு வருடத்தில் இதுதான் முதல் தடவை.

பிப்ரவரி 18, ஞாயிறு

ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

வழக்கில் சொன்னது இது. அன்று பனிமூட்டம், பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாது. அப்பாவும் மாமாவும் அருகருகே நின்றார்கள். காப்பிச் செடிக்குள் அசைவு கேட்டது. ஆளுக்கு ஒரு வெடி. பன்றி இல்லை. தண்ணீர்க் குழாயைச் சரிசெய்யக் குனிந்திருந்த சவரிமுத்து. இருபத்தெட்டு வயது, கைக்குழந்தைக்குத் தகப்பன். உடம்பில் இருந்தது எல்.ஜி. என்கிற பெரிய குண்டு. இரண்டு காலித் தோட்டாக்களில் ஒன்றுதான் எல்.ஜி., மற்றது காட்டுக்கோழி சுடப் போடும் சின்ன ரவை. எல்.ஜி. தோட்டாவில் இருந்த ஊசித் தழும்பு 4418க்குரியது என்று சோதனைச்சாலை எழுதிவிட்டது. அதற்கு முந்தின வாரம்தான் அய்யாவு மாமாவும் சவரிமுத்துவும் தண்ணீர் முறைக்காகக் கடைத்தெருவில் சத்தம் போட்டிருந்தார்கள். அதனால் தவறுதலாகச் சுட்டார் என்பதைக் கோர்ட் ஏற்கவில்லை. ஏழு வருடம் போட்டார்கள்.

வழக்கில் சொல்லாதது இது. சவரிமுத்து விழுந்ததும் மாமா துப்பாக்கியைப் போட்டுவிட்டு அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஜீப்புக்கு ஓடியிருக்கிறார். இரண்டு துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டு அப்பா வீட்டுக்கு வந்தார். நான் பள்ளிக்கூடத்துக்கு இரட்டைப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தேன். இன்று போகாதே என்றார். அம்மா தம்பியோடு பெரியகுளத்தில் இருந்தாள். அப்பா அடுப்படியில் சாக்கை விரித்து உட்கார்ந்தார். சத்தம் கேட்டது. கரகரவென்று, தேங்காய் துருவுகிற மாதிரி. எட்டிப் பார்த்தேன். இரண்டையும் பிரித்துப் போட்டு அரத்தால் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கதவைச் சாத்து என்றார்.

ஒன்பது மணிக்கு ஒரு துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி என்னிடம் கொடுத்தார். மாமா வீட்டில் மாட்டிவிட்டு வா, அப்பா துடைத்துவிட்டார் என்று அத்தையிடம் சொல் என்றார். கொண்டுபோனேன். அத்தை அழுதுகொண்டிருந்தாள். சுவரில் ஆணியில் நானே மாட்டினேன். அன்று இரண்டு மணிக்குப் போலீஸ் வந்து அதை எடுத்துப் போனது. மாமா ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். அவர் அதைக் கையால் தொடவே இல்லை. அதன் குழலில்தான் 4418 இருந்தது, ஊசி இருந்த பின்பக்கம் அப்பாவுடையது.

மறுநாள் ஒரு போலீஸ்காரர் என்னிடம் அப்பா எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தார் என்று கேட்டார். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன் என்றேன். யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

எனக்கு ஊசியும் தெரியாது, தழும்பும் தெரியாது. அது நிஜம். ஆனால் ஒன்றும் தெரியாதவள் ஏன் அப்படிச் சொல்ல வேண்டும்?

மாமா ஜெயிலில் இருந்த வருடங்களில் அவர் மகளைப் படிக்க வைத்தது அப்பா. 93இல் அத்தை இறந்தபோது எல்லாம் எடுத்துச் செய்தது அப்பா. குருநாதன் மாதிரி சிநேகிதன் கிடைக்குமா என்று ஊரே சொல்லும். நானும் பெருமையாகக் கேட்டிருக்கிறேன். டிசம்பரில் அப்பாவின் பாடையை முன்னால் பிடித்து நடந்தது மாமாதான். எழுபத்தெட்டு வயதில். தோள் மாற்றக்கூட அவர் விடவில்லை.

பிப்ரவரி 19, திங்கள்

மாமா வீட்டுக்குப் போனேன். பூட்டியிருந்தது. திங்கட்கிழமை ரீத்தம்மாள் வீட்டில் இருப்பார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். ரீத்தம்மாள், சவரிமுத்துவின் மனைவி. அங்கே போகக் கால் வரவில்லை. திரும்பிவிட்டேன்.

பிப்ரவரி 20, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

மாமா ஒற்றை ஆளாகச் சோறு பொங்கிக்கொண்டிருந்தார். வா தாயி என்று பலகையை எடுத்துப் போட்டார். எப்படித் தொடங்குவது என்று வழியெல்லாம் யோசித்துப் போயிருந்தேன். எதுவும் நினைவில் இல்லை. ரசீதையும் பாய் கொடுத்த சான்றையும் தரையில் வைத்து இரண்டு எண்ணையும் காட்டினேன். அடுப்படியில் அரம் போட்டதைச் சொன்னேன். சாக்கில் சுற்றிக்கொண்டு வந்து இந்தச் சுவரில் மாட்டியது நான்தான் என்று சொன்னேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போனேன். எல்லாம் தெரியும் தாயி, விடு என்று சொல்லிவிடுவார் என்றும் உள்ளுக்குள் ஓர் ஆசை இருந்தது.

அவர் சான்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப எல்.ஜி. தோட்டா யாருட்ட இருந்துச்சு?"

"அப்பாகிட்ட, மாமா."

"எங்கிட்ட?"

"சின்ன ரவை."

"அப்ப நான் சுடலியா?"

அவர் மறுபடியும் கேட்டார். நீங்கள் சுட்டது அவர்மேல் படவில்லை மாமா என்றேன். உலை பொங்கி அடுப்பில் வழிந்தது. இரண்டு பேரும் அசையவில்லை. மூன்றாவது தடவை கேட்டபோது என்னிடம் கேட்கவில்லை. சுவரைப் பார்த்துக் கேட்டார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஜெயிலுக்குப் போனது மட்டும் இல்லை. இந்த முப்பத்து நாலு வருடமும் அவர் தன்னைத்தான் கொலைகாரன் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

பிறகு அவரே மெதுவாகச் சொன்னார். இருட்டில் பையிலிருந்து தோட்டா எடுத்துக் கொடுத்தது அப்பா. தன் கையில் எது வந்தது என்று அவருக்குத் தெரியாது. கோர்ட்டில் முதலில் நான் இல்லை என்றுதான் சொன்னாராம்.

"அப்பறம் அந்த ரிப்போர்ட்டு வந்துச்சு. வக்கீலு வாசிச்சுக் காமிச்சாரு. ஜெயிலுக்குப் பாக்க வந்தப்ப குருநாதன்ட்டக் கேட்டேன், ஏப்பா, நான்தானா அதுன்னு. இருட்டுல நாம என்னத்தக் கண்டோம் அய்யாவு, மிஷினு பொய் சொல்லுமான்னான். அன்னிக்கித்தான் தாயி நானும் நம்புனேன்."

அதன்பின் அவர் எந்தக் கோயிலுக்குள்ளும் போனதில்லையாம். மகள் கல்யாணத்துக்குக்கூட மண்டபத்துக்கு வெளியேதான் நின்றாராம். கொலை செய்தவன் கையால் தாரைவார்க்கக் கூடாது என்று அந்த இடத்தில் அப்பாவை நிற்க வைத்தாராம். அந்தக் கல்யாணத்துக்கு நான் போயிருந்தேன். அப்பா தாரைவார்த்ததைப் பார்த்தேன். என்ன பெருந்தன்மை என்று நினைத்தேன்.

97இல் வெளியே வந்ததிலிருந்து திங்கட்கிழமைதோறும் ரீத்தம்மாள் வீட்டுக்குப் போகிறார். விறகு பிளப்பது, வேலி கட்டுவது, மிளகுக்கு ஏணி வைத்து ஏறுவது. பதினோரு வருடம் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். செருப்பை எறிந்திருக்கிறாளாம். அவர் பேசாமல் வேலையை முடித்துவிட்டு வந்துவிடுவாராம். ஒருநாள் ஒரு டம்ளர் காப்பியை வாசற்படியில் வைத்துவிட்டு உள்ளே போனாளாம்.

கிளம்பும்போது சொன்னார்:

"ரீத்தம்மாட்டச் சொல்லணும். நான் சொன்னா, கெழவன் கடைசிக் காலத்துல தப்பிச்சுக்கப் பாக்குறான்னு நெனைக்கும். நீ வந்து சொல்லு."

அப்பாவைத் திட்டி ஒரு வார்த்தைகூட அவர் சொல்லவில்லை.

பிப்ரவரி 21, புதன்

தனபாலன் காரில் வந்துவிட்டான். மாமாவிடம் சொன்னதைக் கேட்டதும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். செத்தவரைத் தோண்டி எடுத்துத் தூக்கில் போடுகிறாயா என்றான். உனக்கு முன்பே தெரியுமா என்று கேட்டேன். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒருநாள் தன்னிடம் உளறியதாகச் சொன்னான். எதை உளறினார் என்று கேட்டேன். துப்பாக்கியை ஆற்றில் போடச் சொன்னாராம். யாராவது பார்த்துவிட்டால் கூட்டம் கூடிவிடுமே என்று இவன் போடவில்லையாம்.

அப்பா இதை அவனிடம் சொல்லியிருக்கிறார். பக்கத்திலேயே இருந்து மலம் அள்ளிய என்னிடம் சொல்லவில்லை.

"அக்கா, நீ போலீசுல எழுதிக் குடுத்தீன்னா ஒன்னயும் சேத்துத்தான் கேப்பாங்க. யோசிச்சியா?"

யோசித்தேன் என்றேன். சாப்பிடாமல் கிளம்பிப் போனான்.

பிப்ரவரி 23, வெள்ளி

டி.எஸ்.பி. அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தேன். நாலு பக்கம். பெயர் சுகந்தி, தகப்பன் பெயர் குருநாதன், கிளை அஞ்சலக அதிகாரி என்று தொடங்கினேன். நான் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை என்ற வரியில் பேனா நின்றுவிட்டது. அங்கே இருந்த அதிகாரி தண்ணீர் கொடுத்தார். அவருக்கு முப்பது வயதுதான் இருக்கும், அந்த வழக்கு நடந்தபோது பிறந்திருக்கவே மாட்டார். துப்பாக்கியை வாங்கிச் சீல் வைத்தார்கள். தீர்ப்பை மாற்ற வேண்டுமென்றால் மாமா உயர்நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும், வருடக் கணக்கில் ஆகும் என்றார். மாமாவுக்கு எழுபத்தெட்டு என்றேன்.

பிப்ரவரி 25, ஞாயிறு

பூத்தூறல். காப்பி பூத்துவிடும். மிளகை உள்ளே எடுத்தேன். தனபாலனுக்கு இரண்டு தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை.

பிப்ரவரி 26, திங்கள்

மாமாவும் நானும் ரீத்தம்மாள் வீட்டுக்குப் போனோம். மாதா கோயிலுக்குக் கீழே, சரிவில் இரண்டு அறை வீடு. மகன் திருப்பூரில் இருக்கிறான். அவள் முற்றத்தில் மிளகு உதிர்த்துக்கொண்டிருந்தாள். மாமா எப்போதும் போல நேராகக் கொல்லைப் பக்கம் போய்க் கோடரியை எடுத்தார், பிறகு கீழே வைத்துவிட்டு வந்து என் பின்னால் நின்றார்.

போஸ்ட்டம்மா, பணம் எதுவும் கொண்டு வந்திருக்கிறாயா என்று கேட்டாள். இல்லை அக்கா என்றேன். நின்றபடியே சொன்னேன். இந்தத் தடவை ஒன்றையும் தள்ளிப்போடவில்லை. நான் சாக்கில் சுற்றிக்கொண்டு போனதைக் கடைசியில் சொல்லாமல் முதலிலேயே சொன்னேன்.

அவள் கை மிளகில் அப்படியே இருந்தது. என்னைப் பார்க்கவில்லை. மாமாவைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார், ஏதோ இப்போதுதான் மாட்டிக்கொண்டவர் மாதிரி.

"அவர அடக்கம் பண்ணுன அன்னிக்கிக் கல்லறை வரைக்கும் உங்கப்பா எம் பிள்ளயத் தூக்கிட்டு வந்தாரு" என்றாள். "எனக்கு நடக்க முடியலைன்னு வாங்கிக்கிட்டாரு. அது அழுகைய நிறுத்தணும்னு பாட்டெல்லாம் பாடுனாரு."

எனக்குத் தெரியாது அது. அப்பா பாடி நான் கேட்டதே இல்லை.

அவள் எழுந்து உள்ளே போனாள். வெகுநேரம் வரவில்லை. வந்தபோது முகம் கழுவியிருந்தாள். மாமாவுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணே, நான் ஒங்க மேல செருப்ப எறிஞ்சேன்."

"பரவால்லம்மா."

"ஒங்க பொண்டாட்டி செத்தப்ப, ஒங்களுக்கு நல்லா வேணும்னு சொன்னேன். கோயில்ல முழங்கால் போட்டுச் சொன்னேன்."

மாமா கையைத் தூக்கி, வேண்டாம் என்பது போல ஆட்டினார்.

"நீங்க வந்தது போதும். இனிமே வர வேண்டியதில்ல" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கடன்படாத ஒருவரை வேலை வாங்கிவிட்டோமே என்கிற பதற்றத்தில்தான் சொன்னாள். ஆனால் மாமா முகம் செத்துப்போனதை நான் பார்த்தேன். நான் சுடலியா என்று கேட்டபோதுகூட அப்படி ஆகவில்லை.

என் பக்கம் திரும்பினாள்.

"இவர மன்னிக்க எனக்குப் பதினோரு வருசம் ஆச்சு. வாராவாரம் வந்து நின்னாரு, அதனால முடிஞ்சுச்சு. செத்துப்போன ஆள எப்படிம்மா மன்னிக்கிறது? அவரு வந்து நிக்க மாட்டாருல்ல."

நான் வருகிறேன் அக்கா என்றேன். வாயில் வந்துவிட்டது.

"அவருக்குப் பதிலா நீ வராத. ஒனக்குன்னு ஒரு தப்பு தனியா இருக்கு. அத நான் இன்னும் யோசிக்கவே இல்ல."

அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே வந்தோம். மாமா கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்தார். பாதி பிளந்த விறகு அங்கே கிடந்தது. கோடரியை எடுத்துச் சார்ப்புக்குள் மழை படாமல் சாய்த்து வைத்துவிட்டு வந்தார்.

மேட்டில் ஏறும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. பாதி வழியில் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தார். கோர்ட்டுக்குப் போகலாம் மாமா, நான் வந்து சாட்சி சொல்கிறேன், எல்லார் முன்னாலும் சொல்கிறேன் என்றேன். தலையை ஆட்டினார். கேட்டதாகத் தெரியவில்லை. கீழே அந்த ஓட்டுக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"திங்கக்கெழமைக்கு இனி நான் எங்க தாயி போறது?" என்றார்.

ஊருக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் வரும் வரை இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.